கைமாவைக் குழாயடியில் கழுவ வேண்டாம்

“கீரையத்தான் மொதல்ல போடணும்...”

“கைமா வேகட்டுங்க, அப்பால...”

“எனக்கு இன்னா, ஆக்கத் தெரியாதா?”

“அப்ப நீங்களே ஆக்குங்க! ராத்திரி வரைக்கும் உங்ககிட்ட பேசினா ஏன்னு கேளுங்க!”

இப்படிச் சொல்லிவிட்டதால் ரோஷன் பேகம் பேசமாட்டாள், எழுதுவாள். வீட்டுக்காரர் உஸ்மான் கனி அவர்கள் தொழுதுவிட்டு வந்து படிக்கவும்.

அவள் ஜுபைதாவைக் கூட்டிவர ஐயப்பன்தாங்கல் போகிறாள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் கட்டிக்கொண்டு போன மகள் இன்றுதான் முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறாள். “வந்தா வரட்டும், எனக்கின்னா” என்றவர், காலையில் சத்தமில்லாமல் போய் மகளுக்குப் பிடித்த மாட்டுக் கொத்துக்கறி, அந்தக் கைமாவை, வாங்கி வந்ததை ரோஷன் பேகம் பார்த்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்தும் சிரிப்பு நிற்கவில்லை.

கைமாவைக் குழாயடியில் கழுவ வேண்டாம். போன தடவை பாதி சாக்கடைக்குப் போனது. வடிகட்டியில் அலசவும். ஒரே வாணலி போதும். வெங்காயம், இஞ்சிபூண்டு வதக்கிக் கைமாவைப் போட்டால் அதுவே தண்ணீர் விடும், நீங்கள் ஊற்ற வேண்டாம். சுண்டும்போது பீன்ஸ். இறக்கும்போதுதான் வெந்தயக்கீரை!

சாவி பக்கத்து வீட்டு நாகவல்லியிடம். (அது இல்லாமல் இதை எப்படிப் படிப்பீர்கள்? சரி, விடுங்கள்.)

மிளகாய்த்தூள் குறைவாக. மாப்பிள்ளைக்குக் காரம் ஆகாது. ஆமாம், அவரும் வருகிறார்!

இன்னொன்று. கதவைத் தட்டப்போவது ஜுபைதா. ரோஷன் பேகம் படிக்கட்டிலேயே வாயை மூடிக்கொண்டு நிற்பாள். மகள் கேட்கப்போவது இதுதான்:

“அத்தா, உள்ள வரட்டுமா?”