மூன்று வினாடி

வில்பர், நெப்ராஸ்கா
செப்டம்பர் 20, 1979

அன்புள்ள லாயிட்,

நீயும் ஜூனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். லோரெய்னும் நானும் இங்கே நலம். சோளம் இந்த வருஷம் பரவாயில்லை. உன் மேல்தான் வருத்தம். என் மகனை உங்கள் அணி எடுத்துக்கொண்ட அன்று ஃபோனில் காது கிழியக் கத்தினாய், அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை. மகன் கிடைத்ததும் அப்பன் வேண்டாதவனாகிவிட்டான் போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. குவார்ட்டர்பேக்காக நின்று பந்தை எறியும் ஆர்ட்டி கெல்சோவுக்கு முப்பத்தேழு வயதாகிவிட்டது, உட்கார வைத்துவிட்டுப் புதுப் பையனை இறக்குங்கள் என்று உங்கள் ஊர் பேப்பர்காரர்கள் கூச்சல் போடுகிறார்களாம். ஞாயிறு சாயங்காலம் டென்னி கூப்பிட்டான். “அப்பா, கோச் ரெனிக் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரு. ‘குவார்ட்டர்பேக்கா அடுத்த மாசம் நீ இறங்குறியா, இல்ல இந்த வருஷம் பூரா ஆர்ட்டிகிட்ட நின்னு கத்துக்கறியா? உன் வாயாலயே சொல்லு’ங்கறாரு. நான் என்னப்பா சொல்லட்டும்?”

இருபத்திரண்டு வயதில் எவனாவது காத்திருக்கிறேன் என்று சொல்வானா? சொல்வதென்றால் நான்தான் சொல்ல வேண்டும். அவன் கையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எதிரணி அவன் மேல் பாயாமல் முன்னால் மறித்து நிற்கப்போகிற ஐந்து பேரும் நீ பயிற்சி கொடுக்கிற ஆட்கள், உன் லைன். அவர்களைப் பற்றித்தான் கேட்கிறேன். அவன் வலது கைக்காரன். பந்தை எறிய நிற்கும்போது இடது பக்கம் முழுக்க அவனுக்கு முதுகு, ஒன்றும் தெரியாது. கல்லூரியில் நான் குவார்ட்டர்பேக்காக ஆடிய நாலு வருஷமும் எனக்கு அந்த இடத்தில் நின்றவன் நீ. ஒரு தடவைகூட நான் திரும்பிப் பார்த்ததில்லை.

ஆகவே ஒளிக்காமல் எழுது. உன் ஆட்கள் தாங்குவார்கள் என்று நீ சொன்னால் ‘இறங்குடா’ என்பேன். தாங்க மாட்டார்கள் என்றால் ‘பொறுடா’ என்பேன். வேறு யார் பேச்சும் எனக்கு வேண்டாம். ஃபோனில் கேட்டால் நீ ஏதாவது கிண்டல் செய்வாய், நானும் சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

என்றும் உன்
வெர்ன்

---

டொலிடோ, ஒஹாயோ
செப்டம்பர் 25, 1979

அருமை வெர்ன்,

உன் கடிதம் கிடைத்தது. திட்டு வாங்கியாயிற்று, இனி ஒழுங்காக எழுதுகிறேன். ஜூனுக்குக் கழுத்து வலி, மற்றபடி நலம். டென்னி போன வெள்ளிக்கிழமை சாப்பிட வந்தான். லாயிட் மாமா, லாயிட் மாமா என்று என் பின்னாலேயே சுற்றிக்கொண்டு, ஜூன் செய்த வறுத்த கோழியில் எலும்பைத் தவிர எதையும் மிச்சம் வைக்காமல் போனான். நீ அவனைப் பட்டினி போட்டு வளர்த்தாயா?

உன் கேள்விக்கு வருகிறேன். நம் காலத்தில் கோச் கத்துவதோடு சரி. இப்போது எல்லாம் சினிமா. திங்கட்கிழமை காலை அறையை இருட்டாக்கி, முதல் நாள் ஆட்டத்தின் படத்தை ஓட்டுகிறோம். என் ஐந்து பேருக்கும் ஒவ்வொரு தடவைக்கும் நான் மதிப்பெண் போடுகிறேன். எதிராளியை மறித்து நிறுத்தினால் பிளஸ், விட்டுவிட்டால் மைனஸ். டென்னிக்கு முதுகுப்புறம் நிற்கப்போவது ஹூப் மேசி. பதினோரு வருஷமாக என்னிடம் இருப்பவன். பேப்பரில் அவனைப் பழைய பீரோ என்று எழுதுகிறார்கள். எழுதட்டும். கடைசி ஆட்டத்தில் நாற்பத்தொரு தடவையில் முப்பத்தாறு பிளஸ் வாங்கியிருக்கிறான் அந்தப் பீரோ. நேற்று ரெனிக் கேட்டார், அவரிடமும் இதே தாளைத்தான் நீட்டினேன்.

ஆகவே என் பதில்: இறங்கச் சொல். என் ஆட்கள் தாங்குவார்கள். உனக்கு நான் நின்ற மாதிரி அவனுக்கு ஹூப் நிற்பான்.

லோரெய்னுக்கு என் அன்பு.

உன்
லாயிட்

---

வில்பர்
அக்டோபர் 1, 1979

அன்புள்ள லாயிட்,

உன் கடிதம் வந்த அன்றே டென்னியைக் கூப்பிட்டு முழுக்க வாசித்துக் காட்டினேன். ஹூப் நிற்பான் என்ற வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னான். “மாமா சொல்லிட்டாருன்னா அவ்ளோதாம்பா” என்றான். மறுநாளே ரெனிக்கிடம் தயார் என்று சொல்லிவிட்டான். பதினான்காம் தேதி அவனுடைய முதல் ஆட்டம்.

லோரெய்ன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். “மூணு ஆட்டத்துல ஆர்ட்டியை எத்தனை தடவ கீழ தள்ளுனானுங்க, நான் பார்க்கலையா? எம் புள்ளை மட்டும் என்ன இரும்பா?” என்கிறாள். உன் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். படித்துவிட்டு மாவு பிசையப் போய்விட்டாள். அப்ரிகாட் வைத்த கொலாச்சி ரொட்டி ஒரு டப்பா அனுப்பியிருக்கிறாள். பாதி ஹூப் மேசிக்காம். லஞ்சம் என்று வைத்துக்கொள்.

தானியக் கிடங்கில் இப்போது யாரும் மழையைப் பற்றிப் பேசுவதில்லை. எங்கள் குடும்பப் பெயரைச் சொல்லி, டேசர் வீட்டுப் பையன் இறங்குகிறானாமே என்பதுதான் பேச்சு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அங்கே போவதற்காகவே இல்லாத வேலையை உண்டாக்கிக்கொண்டு போகிறேன்.

உன்
வெர்ன்

---

டொலிடோ
அக்டோபர் 17, 1979

அன்புள்ள வெர்ன், லோரெய்ன்,

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. டென்னியின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அணியின் டாக்டர் சொன்னார். தோள் விஷயம் இரண்டு மாதம் போனால்தான் தெரியுமாம். அவன் வயதுக்குச் சீக்கிரம் தேறிவிடுவான்.

மைதானம் ஈரமாக இருந்தது. ஹூபுக்குக் கால் வழுக்கிவிட்டது, அவன் மறிக்க வேண்டிய ஆள் டென்னி மேல் பாய்ந்துவிட்டான். இந்த ஆட்டத்தில் இப்படி நடப்பதுண்டு, உனக்குத் தெரியாததல்ல.

ஆஸ்பத்திரிக்கு வர நினைத்தேன். அணியில் வேலை விடவில்லை. ஜூன் தினமும் ஜெபம் செய்கிறாள்.

அன்புடன்
லாயிட்

---

டொலிடோ
நவம்பர் 6, 1979

வெர்ன்,

மூன்று வாரமாகிவிட்டது, நீ பதில் போடவில்லை. போட வேண்டும் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. போன கடிதத்தில் நான் எழுதியது எல்லாம் பொய். இதை மட்டும் முழுக்கப் படித்துவிடு, பிறகு கிழித்துப் போடு.

ஆஸ்பத்திரிக்கு வந்தேன். திங்கட்கிழமை மத்தியானம் மூன்றாம் மாடி வரை வந்தேன். நடைக் கோடியில் நீ நாற்காலியில் உட்கார்ந்து, டென்னியின் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு அதிலிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாய். உன்னைப் பார்த்ததும் படிக்கட்டில் இறங்கி ஓடிவிட்டேன். எனக்கு நாற்பத்தேழு வயது. எட்டு அடி தூரத்துக்கு ஆளைத் தள்ளுவதைத் தொழிலாக வைத்திருந்தவன், உன் முகத்துக்குப் பயந்து ஓடினேன்.

ஹூபுக்குக் கால் வழுக்கவில்லை. அவன் இடது முழங்கால் போய் இரண்டு வருஷமாகிறது. அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்த முப்பத்தாறு பிளஸ் எப்படி வந்தது என்று சொல்கிறேன் கேள். ஆர்ட்டிக்கு ஹூபின் நிலைமை தெரியும். அதனால் பந்து கைக்கு வந்த இரண்டு வினாடிக்குள் எங்கேயாவது எறிந்துவிடுவான். நல்ல இடத்துக்குப் போகிறதா என்றுகூடப் பார்க்க மாட்டான். தோற்றதே அதனால்தான். ஆனால் படத்தில் பார்த்தால், பந்து போகும்வரை ஹூப் தன் ஆளை மறித்துத்தான் நிற்கிறான். பிளஸ். அந்த மதிப்பெண் ஆர்ட்டியின் கைக்குப் போக வேண்டியது. ஹூப் பெயரில் எழுதினேன்.

இது பிறகு தெரிந்தது என்று நினைத்துவிடாதே. உனக்குப் பதில் எழுதுவதற்கு முதல் நாள், படம் முடிந்து எல்லாரும் போனபின் ஆர்ட்டி என்னிடம் வந்தான். “லாயிட், அந்தப் புள்ளைக்கு எறிய மூணு வினாடி வேணும். புதுசா வர்றவன் எவனுக்கும் வேணும். நம்ம ஹூப் ரெண்டுக்கு மேல தாங்கமாட்டான். நீ கடியாரத்தை வெச்சு ஒரு தடவ பாரு. வேற ஆளை அங்க போடு, இல்ல பையனைப் பொறுக்கச் சொல்லு” என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “உன் இடம் போவுதேன்னு வயித்தெரிச்சலா? கெழட்டுப் பய, போய் முதுகுக்கு ஐஸ் வையி.”

அவன் போய்விட்டான். நான் கடிகாரம் வைத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே. லைன் சரியில்லை என்றால் லைன் கோச்சைத்தான் முதலில் வெளியே அனுப்புவார்கள், அந்தப் பயம் இருந்தது. அதைவிட, உன்னிடம் போய் என் ஆட்கள் தாங்க மாட்டார்கள் என்று எழுதக் கூச்சமாக இருந்தது. உன்னிடம் பெரிய ஆளாக இருந்தே பழகிவிட்டேன். அதற்கு உன் பையனின் தோளைக் கொடுத்தேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. கீழே கிடந்தபோது டென்னி ஹூபைப் பார்த்து, “விடுங்கண்ணே, நாந்தான் பந்தை ரொம்ப நேரம் வெச்சிருந்துட்டேன்” என்றானாம். ஹூப் அழுதுகொண்டே என்னிடம் சொன்னான். மறுநாள் படத்தில் அந்த இடம் வந்தது. ரெனிக் நிறுத்தச் சொன்னார். “இது யார் தப்பு?” என்று கேட்டார். அறையில் நாற்பது பேர். நான் சொன்னேன்: “பையன் பந்தை ரொம்ப நேரம் வெச்சிருந்தான் கோச்.” அவன் தன் பெருந்தன்மையால் சொன்ன பேச்சைத் திருடி அவன் மேலேயே வைத்தேன். ஹூபுக்கு அன்றும் பிளஸ் போட்டேன், வெர்ன். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தவன்தான் உன்னைக் கண்டு ஓடினேன்.

நேற்று எழுந்து நின்று எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். ரெனிக், “சீசன் முடியட்டும், அப்புறம் உன்கிட்ட பேசறேன்” என்றார். ஹூப் தன் ஹெல்மெட்டை என் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். ஆர்ட்டி மட்டும் காபி கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தான். அதைக் குடிக்க முடியவில்லை.

மன்னிக்கச் சொல்லவில்லை. வெட்கத்தில் தலை நிமிர முடியவில்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டும் போலிருந்தது. திட்டியாவது ஒரு வரி எழுது.

லாயிட்

---

வில்பர்
நவம்பர் 24, 1979

லாயிட்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. தினமும் எழுத உட்கார்ந்து எழுந்து போனேன்.

டென்னி வீட்டில்தான் இருக்கிறான். கை தோள் உயரம் வரை வரும், அதற்கு மேல் வராது என்று லிங்கனில் டாக்டர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை தாங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு வான்கோழியை அவன்தான் அறுக்க வேண்டும் என்றாள் லோரெய்ன். இடது கையால் அறுத்தான். துண்டுகள் கன்னாபின்னாவென்று வந்தன. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். பிறகு அவள் அடுப்படிக்குப் போய்ப் பத்து நிமிஷம் வரவில்லை.

உன்னை விசாரித்தான். நன்றாக இருக்கிறாய் என்றேன். நீ எழுதியதை அவனிடம் சொல்லவில்லை. தான் பந்தை அதிக நேரம் வைத்திருந்ததாகவே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான். நீ வந்து உன் வாயால் அவனிடம் சொல்ல வேண்டும். கடிதத்தில் அல்ல.

இனி நான் சொல்வதைக் கேள். செப்டம்பரில் அந்த மூன்று ஆட்டத்தையும் நான் டிவியில் பார்த்தேன். குவார்ட்டர்பேக்காக இருந்தவனுக்கு ஒரு பழக்கம் போகாது, பந்து கைக்கு வந்ததும் ஒன்று, இரண்டு என்று உள்ளுக்குள் வினாடியை எண்ண ஆரம்பித்துவிடுவான். நானும் எண்ணினேன். ஆர்ட்டி எறிந்த பிறகும் நிறுத்தாமல் எண்ணினேன். நான் மூன்று என்பதற்குள், ஹூபின் ஆள் ஆர்ட்டி நிற்கும் இடத்துக்கு வந்துவிடுவான். அன்று லோரெய்ன் கேட்டது சரிதான். அவள் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

தெரிந்துகொண்டுதான் உன்னிடம் கேட்டேன். ஆர்ட்டியிடம் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? அவன் உண்மையைச் சொல்வான். நீ உன் ஆட்களை விட்டுக்கொடுக்க மாட்டாய் என்று எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். நீ ‘இறங்கச் சொல்’ என்று எழுதுவாய் என்று தெரிந்துதான் உனக்கு எழுதினேன். தானியக் கிடங்கில் டேசர் வீட்டுப் பையன் என்று பேசுவதைக் கேட்க எனக்கு ஆசை. கல்லூரியோடு நின்றுவிட்ட நான் போகாத இடத்தில் என் பெயர் எழுதிய சட்டையைப் பார்க்க ஆசை. அடுத்த வருஷம் வரை என்னால்தான் பொறுக்க முடியவில்லை. டென்னி பொறுத்திருப்பான்.

லோரெய்ன் உன் பெயரைச் சொல்லித் திட்டும்போதெல்லாம் நான் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். “லாயிட்டா இப்படி எழுதுனான்? எம் புள்ளை அவனை மாமான்னு கூப்பிட்டானே!” என்பாள். ‘இறங்கச் சொல்’ என்று நீ எழுதிய கடிதம் மேசை டிராயரில் இருக்கிறது. எடுத்து எடுத்துப் படிக்கிறாள். நான் உனக்கு எழுதியதை அவள் படித்ததில்லை. படித்தாலும், நான் என்னவோ நல்லெண்ணத்தில் கேட்டதாகத்தான் அதில் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் நீ படிக்கட்டில் இறங்கியதை நான் பார்த்தேன். கூப்பிடவில்லை. நீ ஓடியது எனக்கு வசதியாக இருந்தது.

உன்னை மன்னித்துவிடலாம், லாயிட். அது கஷ்டமில்லை. ஆனால் மன்னித்துவிட்டால், பழியைச் சுமக்க இந்த வீட்டில் மிச்சமிருப்பது நான் ஒருவன்தான். அதற்கு எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. அதனால் கொஞ்ச நாளைக்கு உன்னை மன்னிக்காமல் இருக்கிறேன், பொறுத்துக்கொள்.

வெர்னன் டேசர்