ஆணி காந்தத்தை விட்ட மதியம்

இன்று காலை மின்னியல் ஆய்வகத்தைக் கடந்தபோது, புதிதாகச் சுற்றிய மோட்டார் காயிலுக்கு யாரோ வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தார்கள். நெடி மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். உன் புடவைத் தலைப்பில் எப்போதும் இருந்த வாசனை அது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்னிடம் பேச வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது.

இந்தப் பாலிடெக்னிக்கில் நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ மின்னியல், நான் இயற்பியல். முதல் வருடத்தோடு என் பாடம் முடிந்துவிடும். அதற்கப்புறம் இயற்பியலைத் தேடி யாரும் வந்ததில்லை, தேன்மொழி வரும்வரை.

உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பெண். கடைசி வருடம். ஒரு பம்ப் கம்பெனியில் வேலையும் உறுதியாகியிருந்தது. ஒரு நாள் மதியம் உன் வகுப்பில், கம்பியில் தொங்கிய சின்ன ஆணி ஒன்று காந்தத்தின் இழுப்பில் சாய்ந்து நிற்க, நீ அதைப் பர்னரில் பழுக்கக் காய்ச்சிக் காட்டினாய். சிவந்ததும் அது காந்தத்தை விட்டு விலகித் தொங்கியது.

“ஏனுங்க மேடம், அந்த இழுப்பு எங்கீங்க போச்சு?” என்றாள் தேன்மொழி.

நீ என்னைக் கூப்பிட்டனுப்பினாய். ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் இரும்பைக் காந்தம் இழுக்காது என்று புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். அவள் விடவில்லை. “அந்தச் சூட்டுலதான் போகோணுமுன்னு ஏனுங்க? கொஞ்சம் முந்தியே போகக்கூடாதுங்களா?” எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல எதையோ பேசிச் சமாளித்தேன். அவள் போனதும் நீ சிரித்தாய்.

“அம்மணி, உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. தெரிஞ்சவங்க இருக்கற எடத்துக்குத்தான் அவளை அனுப்போணும்.”

டிப்ளமா முடித்தவர்கள் எஞ்சினியரிங் போவார்கள். இயற்பியல் பட்டப்படிப்புக்குப் போவது எப்படி என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பல்கலைக்கழக அலுவலகத்துக்கு மூன்று முறை போனோம். “இப்படி யாருமே கேட்டதில்லைங்களே” என்றார் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர். “அதனாலதானுங்க நாங்க கேக்கறோம்” என்றாய். நான் கூச்சத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் சேர்க்கை விதிகளில் ஒரு வரியை நீயே தேடிப் பிடித்து விரலை வைத்துக் காட்டினாய். இடம் கிடைத்தது. ஆனால் முதல் வருடத்திலிருந்து.

தேங்காய்க் களத்திலிருந்து அவள் அப்பா நேராக வந்தார். “மூணு வருசம் படிச்சுப்போட்டு மறுக்கா மொத வருசமுங்களா? கையில இருக்கற வேலைய உட்டுப்போட்டா நாளைக்கு யாருங்க பதில் சொல்றது?”

நீ அவருக்கு எந்த உறுதியும் தரவில்லை. பர்னரைப் பற்றவைத்து அந்த ஆணியைக் காட்டினாய். குனிந்து பார்த்தவர், “இன்னொருக்காக் காட்டுங்க” என்றார். மூன்றாவது தடவைக்குப் பிறகு, “எனக்கே தெரிஞ்சுக்கோணுமாட்ட இருக்குதுங்க. போகட்டும்” என்றார்.

முதல் செமஸ்டரில் கணிதத்தில் தோற்றுவிட்டு அவள் போனில் அழுதாள். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று உன்னிடம் கேட்டேன். நீ கணிதப் புத்தகம் ஒன்று வாங்கினாய். ஞாயிறுதோறும் பேருந்து ஏறி அவள் விடுதிக்குப் போனாய். உனக்கும் பாதி மறந்திருந்தது. இருவரும் தப்பாகப் போட்டு, அடித்து, திரும்பப் போட்டீர்கள். மறுமுறை தேறினாள். நான் ஒரு ஞாயிறுகூட உன்னுடன் வரவில்லை. ஏதோ ஒரு சாக்கு இருந்தது. அது இன்னும் உறுத்துகிறது.

இன்று அவள் காந்தப் பொருட்களில் ஆராய்ச்சி செய்கிறாள். நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது ரயிலேறி வந்தாள். உன் உடம்பைப் பற்றிப் பேச நீ விடவில்லை. “அந்தச் சூட்டப் பத்தி இப்ப என்ன கண்ணு சொல்றாங்க?” என்று கேட்டாய். மருந்துக் கவரின் பின்பக்கத்தில் அரைமணி நேரம் வரைந்து காட்டினாள். நீ இரண்டு இடத்தில் குறுக்கிட்டாய். இரண்டாவது கேள்விக்கு, “அது இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாதுங்க மேடம்” என்றாள். உன் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆய்வகத்தைத் திறந்து வைக்கிறேன். இயற்பியலுக்கு மாற நினைப்பவர்கள் கணிதச் சந்தேகங்களோடு வருகிறார்கள், சில வாரம் ஐந்து பேர், சில வாரம் யாருமில்லை. போன வாரம் காரமடைப் பெண் ஒருத்தி, கண்ணாடிக்குள் ஒளி ஏன் வேகம் குறைகிறது என்று கேட்டாள். பாதிவரை சொன்னேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று, சமாளிக்காமல் சொல்லிவிட்டேன்.

அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.