இரண்டு மூலைகள்

அன்புள்ள தெனீஸ்,

நீ பின்னியனுப்பிய கம்பளிக் காலுறை வந்தது. பாரீஸில் இன்னும் குளிர் விடவில்லை.

இத்தாலியில் மண்ணைத் தோண்டி வெளியே எடுத்த பழைய ஊர்களைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, எஜமானருக்குத் தம் மாளிகையில் இருக்கும் சுதைப் பூவும் கொடியும் பிடிக்கவில்லை. நேர்கோடும் வெறுந்தூணும் போதுமாம். இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்க வேண்டுமாம். எல்லாவற்றையும் கொத்தி எடுக்கிறோம்.

நம் மகளைப் புதைத்த ஆண்டில் நான் கூடத்துக் கூரை மூலையில் சுதையில் செய்துவைத்த அவள் முகத்தை எஜமானர் அண்ணாந்து பார்த்தார்.

“இது மட்டும் இருக்கட்டும்பா. எதிர் மூலையிலயும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சிடு.”

“இன்னொண்ணு வராதுங்க.”

“அப்ப இதையும் எடுத்துடு.”

நானே எடுத்தேன். மூலைகள் இப்போது ஒன்றுபோல் இருக்கின்றன.

ஈஸ்டருக்கு அவள் முகத்தைப் பார்க்க வருவதாக எழுதியிருந்தாய். வர வேண்டாம். சாலை மோசமாக இருக்கிறது.

உன் கணவன்