படம் முடிந்த பின் சிரித்த குற்றம்

அனுப்புநர்
சே. சாந்தாமணி,
வெஸ்ட் வின்ட்சர், நியூ ஜெர்சி.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
கீழைத் திரை வட்டம்,
வெஸ்ட் வின்ட்சர்.

பொருள்: எகிப்தியப் பட விவாதத்தின்போது சிரித்ததற்காக என் மீது விதித்த தடையை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தங்கள் வட்டத்தின் உறுப்பினர். கூட்டங்களுக்குப் பலகாரம் செய்து தருபவளும் நானே. இரண்டும் ஒரே ஆள் என்பது பலருக்குத் தெரியாது.

2. கடந்த சனிக்கிழமை மதியம் கெய்ரோ நகரத்துப் படம் ஒன்றைத் திரையிட்டீர்கள். ஒரு மாடிக் கட்டடத்தின் சொந்தக்காரர் மகளுக்குக் கல்யாணம் நடக்கிற அன்று அந்தக் கட்டடத்துக் காவலாளி மாடிப்படியில் செத்துப்போகிறார். விருந்து கெடக்கூடாதென்று உடல் மேல் மேசைவிரிப்பைப் போட்டு இனிப்புத் தட்டுகளை அடுக்குகிறார்கள். அவர் மனைவியோ தட்டை ஏந்தியபடி, என் புருஷனைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டே போகிறாள். ஆளுக்கொரு இனிப்பை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. என்னால் முடியவில்லை. என் கணவர் சேனாபதி ஈரோட்டில் ஒரு மில்லில் வாட்ச்மேனாக இருந்து, ஆயுதபூஜையன்று பணியிலேயே காலமானவர். பூஜை முடிந்த பிறகுதான் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

3. பிறகு விவாதம். எனக்கு நாற்காலி போடாததால் பலகார மேசையருகே நின்றேன். செயலாளர் திரு. அனந்தராமன், இந்த ஏற்றத்தாழ்வெல்லாம் எகிப்தில் இருக்கலாம், இங்கே நாம் எல்லோரும் சமம் என்று அழகாகப் பேசினார். பேச்சோடு பேச்சாக, திரும்பிக்கூடப் பார்க்காமல், காலிக் கிண்ணத்தைத் தோளுக்கு மேல் என் பக்கம் நீட்டி, "ஆன்ட்டி, சட்னி ரீஃபில் பண்ணிடுங்க" என்றார். அப்போதுதான் சிரித்தேன். அடக்கப் பார்த்தேன், அடங்கவில்லை. கடைசியில் அழுகையில் போய் முடிந்தது.

4. மறுநாள் வட்டத்திலிருந்து வந்த மின்னஞ்சலில், 'கேட்டரிங் ஆன்ட்டி' கூட்டத்துக்கு இடைஞ்சல் செய்ததால், இனிப் பலகாரத்தை வாசலில் வைத்துவிட்டுப் போகவேண்டும் என்றிருந்தது. என் மகன் மதன், "ஸாரின்னு ஒரு மெயில் போட்டுட்டு விடும்மா, அவங்கெல்லாம் என் ஆபீஸ் ஆளுங்க" என்கிறான். ஐயா, செத்தவரைப் பார்த்து நாற்பது பேர் சிரித்தது ரசனை. நான் ஒருத்தி படம் முடிந்து பத்து நிமிடம் தாமதமாகச் சிரித்தது எப்படி இடைஞ்சலாகும்? எனக்கு மனசு ஆறவில்லை.

5. ஆகவே தடையை நீக்கி, உறுப்பினருக்கு உரிய நாற்காலி ஒன்றை எனக்கும் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த சனிக்கிழமைக்கு எண்பது பருப்பு வடை வேண்டுமென்று அதே மின்னஞ்சலின் கடைசி வரியில் எழுதியிருந்தார்கள். வடை நேரத்துக்கு வந்துவிடும். நான் உள்ளே வரலாமா என்பதைத் தாங்கள்தான் சொல்லவேண்டும்.

நாள்: 12-05-2025
இடம்: வெஸ்ட் வின்ட்சர்

இப்படிக்கு,
சே. சாந்தாமணி
உறுப்பினர் எண் 41