முழுப் பிரதி தராமல் போன அத்தானுக்கு

எங்களைச் சிரிக்க வைத்தே களைத்துப்போன என் அத்தானுக்கு,

இந்த டென்மார்க்கில், ஹோர்சன்ஸிலிருந்து கோல்டிங் போகும் ரயிலில் நின்றபடி இதை எழுதுகிறேன். இருக்க இடம் தாராளமாக இருக்கிறது, எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நீங்கள் போய் இன்றைக்கு இருபத்தாறு நாள். உங்கள் மேல் இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வருகிற வியாழக்கிழமை உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை, அந்தியேட்டி. சனிக்கிழமை எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கலைவிழா. அதில் கடைசி நிகழ்ச்சி உங்கள் நாடகம். அந்த நாடகத்தின் முழுப் பிரதி ஒருவரிடமும் இல்லை. இப்படியும் ஒரு மனிசன் செய்வாரா?

இதைவிடப் பெரிய கவலை அக்கா. சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை. "என்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்" என்று ஒரே கதை. முதியோர் இல்லத்தில் வேலைக்கு நிற்கும்போதும் எனக்கு நெஞ்சு பதறிக்கொண்டே இருக்கிறது. இடைவேளையில் அக்காவுக்கு ஃபோன் எடுக்கிறேன், எடுத்தால் என்ன கதைப்பது என்றும் தெரியவில்லை.

எல்லாம் அந்த ஐரிஷ் அண்ணையால் வந்த வினை. நூலகத்தில் கழித்துவிட்ட ஒரு தடித்த புத்தகத்தில் அவரைக் கண்டுபிடித்தீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டு நாடகக்காரன், அயர்லாந்தில் பிறந்து லண்டனுக்குப் போனவர். இங்கிலீசுக்காரரின் வாயில் நுழையட்டும் என்று தன் பெயரை வெட்டிக் குறைத்தார். மேடை ஏறுவதற்காக ஊர்ப்பேச்சை நாக்கிலிருந்து தேய்த்துக் கழுவினார். எல்லாவற்றையும் கழுவிய பிறகு, அதே ஊர்ப்பேச்சுப் பேசும் ஒருவனை நாயகனாக்கி ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினார்.

"பார் பிள்ளை, இது எங்கடை கதை. தொழிற்சாலையிலை என்ரை பேரை ஆராவது முழுசாச் சொல்லி நீ கேட்டிருக்கிறியே?" என்றீர்கள். பரமேஸ்வரநாதன் பிரெடெரிசியாத் தொழிற்சாலையில் இருபது வருடம் வெறும் 'பரா'வாக இருந்தது உண்மைதான்.

அவர் கதையில் சொத்துள்ள பெண் ஒருத்திக்கு நான்கு மாப்பிள்ளைகள். சொத்துப் போய்விட்டது என்று ஒரு கதை கிளம்பியதும் மூவர் ஓடிவிடுவார்கள். எல்லாரும் நக்கலடித்த அந்த ஐரிஷ்காரன் மட்டும் நிற்பான். நீங்கள் அதை ஹோர்சன்ஸுக்குக் கொண்டுவந்தீர்கள். லண்டன் மாப்பிள்ளை, கனடா மாப்பிள்ளை, கோபன்ஹேகன் எஞ்சினியர். நான்காவது ஆள், டேனிஷைத் திக்கித் திக்கிப் பேசும், நேற்று ஊரிலிருந்து வந்தவர். அது நீங்கள். பெண் நான். நாற்பத்தெட்டு வயதில் குமர்ப்பெண் வேஷம்.

கதையை எடுத்தது போதாதென்று அவருடைய குணத்தையும் எடுத்துக்கொண்டீர்களே. களவு போகும் என்ற பயத்தில் அவர் அந்த நாடகத்தை வருடக்கணக்காக அச்சுக்கே விடவில்லையாம். நீங்களும் ஆளுக்கொரு தாள் தந்தீர்கள். அவரவர் வசனமும், அதற்கு முன் பேசுபவரின் கடைசி இரண்டு சொல்லும் மட்டும்தான் அதில். "உதை ஆரப்பா களவெடுக்கப் போயினம்?" என்று அக்கா கேட்டார். "கோபன்ஹேகன்காரரை உமக்குத் தெரியாது" என்றீர்கள். உங்கள் சொந்த வசனத்தைத் தாளிலேயே எழுதவில்லை. தலைக்குள் வைத்திருந்தீர்கள்.

ஐரிஷ் அண்ணை முதுமையில் மேடையில் வசனம் மறந்து, சபையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவராம். "எனக்கு அந்தக் கெடுதி வராது" என்று சிரித்தீர்கள். அடுத்த கிழமை தொழிற்சாலைக் கன்ரீனில் கோப்பையோடு இருந்தவர் எழும்பவே இல்லை.

சங்கத் தலைவர் ஃபோன் எடுத்தார். "தங்கச்சி, நாடகத்தை விடுவம். பரா அண்ணையின்ரை படத்தை வைச்சு விளக்கேத்தி, ஒரு கவிதை வாசிப்பம். அதுதான் மரியாதை" என்றார். அவரில் பிழை இல்லை. ஆனால் அஞ்சலிக் கவிதை வாசிக்கிற இடத்தில் பின்வரிசையில் இருந்து பகிடி விடுகிற உங்களுக்கு, அது மரியாதையா, தண்டனையா? யோசித்துச் சொல்கிறேன் என்று ஃபோனை வைத்துவிட்டேன்.

பிறகு எல்லாரிடமும் தாள்களை வாங்கிவந்து அக்காவின் குசினி மேசையில் பரப்பினேன். லண்டன் மாப்பிள்ளையின் வசனத்தை ஒழுங்கு பார்ப்பதற்காகச் சத்தமாக வாசித்தேன். அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அக்கா, திரும்பாமலே உங்கள் பதிலைச் சொன்னார். நான் தாளைக் கீழே வைத்தேன்.

"அக்கா, உங்களுக்கு உது பாடமோ?"

"நாலு மாசமா அவர் குளிக்கேக்கையும் வெங்காயம் வெட்டேக்கையும் இதுதானே. பாடமாகாமல் என்ன செய்யும்?"

இரண்டு மணித்தியாலம் அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசிக் காட்சிக்கு வந்தோம். பெண் கேட்கிறாள், "எல்லாரும் போயிட்டினம். நீர் ஏன் இன்னும் நிக்கிறீர்?" அக்கா என் பேனையைக் கையால் மறித்தார். பிறகு, "இதை எழுதாதை. விட்டிட்டுப் போகமாட்டன் எண்டு அவர் சொன்னது பொய்யாப் போச்சு" என்றார்.

அப்போ உங்கள் பாத்திரத்தை யார் நடிப்பது என்று கேட்டேன். "நான்" என்றார். ஆண்டுத் திவசம் முடியும் வரை கொண்டாட்டங்களுக்கே போகக்கூடாது, இதில் மேடையேறிச் சிரிப்பு நாடகமா? "சனம் கதைக்கும் அக்கா" என்றேன். "கதைக்கட்டும். கதைச்சுக் களைச்சால் போய்ச் சாப்பிடும்" என்றார். அதனால்தான் இப்போது கோல்டிங் போகிறேன். ஒத்திகை அங்கே. உங்களுடைய மகள் அக்காவைக் காரில் கூட்டிக்கொண்டு வருகிறாள். கடைசி வசனத்தில் என்ன நடக்குமோ தெரியவில்லை.

இது திரும்பி வரும் ரயில் அத்தான். மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

அக்கா உங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். திக்கித் திக்கி டேனிஷ் பேசினார், கனடா மாப்பிள்ளை தன் வசனத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். மற்ற மூவரும் ஓடிய பிறகு நானும் அக்காவும் மட்டும் நின்றோம். நான் கேட்டேன். அக்கா வாயைத் திறக்கவில்லை. எடுத்துக்கொடுக்க அந்த வசனம் ஒருவர் தாளிலும் இல்லை. எனக்கு நாடகம் மறந்துபோய், இன்னொரு தரம் கேட்டேன்.

"எல்லாரும் போயிட்டினம் அக்கா. நீங்கள் ஏன் நிக்கிறியள்?"

அக்கா என்னைப் பார்த்தார். நீங்கள் போனதிலிருந்து என்னை அப்படி நேரே பார்த்ததில்லை.

"எனக்குப் போக மனமில்லை" என்றார்.

சனிக்கிழமை சபை நிறைய இருக்கும். அன்றைக்கும் கேட்பேன். அதற்குப் பிறகும், அக்கா சினந்தாலும், கேட்டுக்கொண்டே இருப்பேன் அத்தான். பதில் சொல்ல அவர் இருப்பார், நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்களோடு வாய் காட்டியே வளர்ந்த மச்சாள்,
சுதா