பன்றிக்கு வாங்கிய லேசர்

மார்கழி 9, செவ்வாய்.

மக்காச்சோளத்தில் இறங்குகிற பன்றிகளை விரட்டத்தான் அந்த லேசரை வாங்கினேன். விளையாட்டுத் துப்பாக்கியில் மாட்டுவது. ஏதோ வெளிநாட்டு ஆன்லைன் கடை. இங்கே ஒரு டார்ச் லைட் விற்கிற விலைதான். பார்சல் இன்று சாயங்காலம் வந்தது.

சோளக்காட்டுக்குப் போகும்வரை பொறுத்திருக்கலாம். அறிவு கெட்டவன், வாசலிலேயே அடித்துப் பார்த்தேன். "ஏட்டி, இங்கன வந்து பாரு" என்று பெண்டாட்டி செல்வியை வேறு கூப்பிட்டேன். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். எதிர்ச்சுவரில் அவள் கழுவிச் சாய்த்திருந்த எவர்சில்வர் தட்டில் பட்டு, அந்தப் பச்சை வெளிச்சம் திரும்பி அவள் இடது கண்ணில் அடித்தது.

"ஒண்ணும் செய்யாது, பொம்மத் துப்பாக்கிக்கு உள்ளதுதான" என்றேன். பெட்டியிலும் ஆபத்தில்லாதது என்றுதான் போட்டிருந்தது. அவள் உள்ளே போனதும் ஒரு தீக்குச்சியின் மருந்துக்கு நேராக அதைப் பிடித்தேன். குச்சி பற்றிக்கொண்டது.

அவளிடம் இதைச் சொல்லவில்லை. விசைத்தறி ஓடும்போதே அறுந்த இழையை எட்ட நின்று கண்டுபிடிக்கிற கண் அது. காலையில் முதல் பஸ்ஸில் திருநெல்வேலிக்கு, கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். என்ன சொல்லிக் கூப்பிடுவேன்?

இதை எழுதும்போது அவள் படுத்தபடியே வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள்.

"தூங்கலயா?" என்றேன்.

"நம்பரெல்லாம் சுத்திவரத் தெரியுதுங்க. நடுவுல முள்ளத்தான் காணோம்."