பிரேக் பிடிக்காத கார்

12.6.2016, ஞாயிறு

எட்டு வருடம் குவார்ட்டர்ஸ் ஷெட்டில் கிடந்த அப்பாவின் காரைத் தம்பி இன்று கிளப்பிவிட்டான். "பிரேக் புடிக்கல, மாத்தாம ரோட்டுக்கு எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போனார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் தம்பி அப்பாவை முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டான். நான் காருக்கு முன்னால் போய் நின்றேன்.

"பிளாக்க ஒரு ரவுண்டுதான்க்கா. நவுரு."

"நீ போய் எங்கயாவது முட்டிக்க. அப்பாவ எறக்கு."

அவன் ஹாரனை அடித்தான். நானே கதவைத் திறந்து அப்பாவைக் கைபிடித்து இழுத்து இறக்கினேன். தம்பி சாவியை என் காலடியில் வீசிவிட்டு அவன் ஊருக்கு பஸ் ஏறப் போய்விட்டான்.

அப்பா இரவு சாப்பிடவில்லை. "அவன் ஆசையா ஏத்துனான். நீ எறக்கி வுட்டுட்ட" என்றார். வாரா வாரம் அவரை ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது நான். விடிந்ததும் பழைய இரும்புக் கடைக்காரரை வரச்சொல்லிக் காரைத் தூக்கிக் கொடுத்துவிடப் போகிறேன்.